ஏட்டுத் தேய்மானமும் இரும்புத் தேய்மானமும்

ஆண்டு முடிவில் சங்கத்தின் ஐந்தொகையை எடுத்துப் பார்க்கும் அங்கத்தினர் எவரும் அதில் 'தேய்மானம்' என்றொரு வரியைக் காண்பர். டிராக்டர் வாங்கிய விலையில் நூற்றுக்கு இத்தனை என்று ஆண்டுதோறும் கழித்து வருவது வழக்கம். கணக்கு நூலில் அதற்கு விதி உண்டு. தணிக்கையாளர் அதைச் சரிபார்க்கிறார். பொதுப்பேரவை கை தூக்கி ஏற்றுக்கொள்கிறது. அத்துடன் தேய்மானத்தைப் பற்றிய நமது கடமை முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் தமிழில் தேய்மானம் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஏட்டில் ரூபாயாகத் தேய்வது ஒன்று. இரும்பில் மெய்யாகவே தேய்வது மற்றொன்று. முன்னது மார்ச்சு 31-ஆம் தேதி ஒரே நாளில் நிகழ்கிறது. பின்னது இயந்திரம் ஓடும் ஒவ்வொரு மணியும் நிகழ்கிறது. முன்னதை எழுதுவதற்குப் பேரேடு இருக்கிறது. பின்னதை எழுதி வைக்க நமது சங்கங்களில் பெரும்பாலும் ஒரு தாள்கூட இல்லை. இந்தக் குறையைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

உழவர்க்கு இயந்திரங்களை வாடகைக்கு விடும் பணியைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல ஏற்று நடத்துகின்றன. 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய வேளாண்மை உட்கட்டமைப்பு நிதியின்கீழ், இரண்டு கோடி ரூபாய் வரையுள்ள கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை கிடைப்பதும் இதற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. டிராக்டர், டிப்பர் டிரெய்லர், கதிர் அறுவடை இயந்திரம் என வாங்கி நிறுத்தியிருக்கிறோம். இவை எல்லாவற்றிலும் பாரத்தைத் தூக்குவதும் இறக்குவதும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் உறுப்புகளே. 'ஹைட்ராலிக்' என்று பட்டறைக்காரரும் ஓட்டுநரும் வழங்குவது இதனைத்தான்.

நமது அனுபவத்தில் நேர்ந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆய்வாளர் பொறுப்பை நாம் ஏற்ற சில ஆண்டுகளுக்குள், ஒரு சங்கத்தில் அறுவடைக் காலத்தில் ஒரு தொல்லை எழுந்தது. சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அதன் டிப்பர் டிரெய்லர் காலையில் நன்றாகத் தூக்கும். நண்பகலுக்குப் பின் எண்ணெய் சூடேறியதும் பாதியில் நின்றுவிடும். பட்டறைக்கு அனுப்பினார்கள். பம்பு தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதுப் பம்பு போட்டார்கள். தொல்லை தீரவில்லை. சிலிண்டரின் சீல் போய்விட்டது என்று அதையும் மாற்றினார்கள். அப்போதும் தீரவில்லை. மூன்றாவதாக எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வை மாற்றிய பிறகே டிரெய்லர் ஒழுங்காகத் தூக்கியது. இதற்குள் பன்னிரண்டு நாள்கள் கழிந்தன. கொள்முதல் நிலையத்துக்குப் போகவேண்டிய நெல் களத்தில் கிடந்தது. இடையில் ஒரு மழையும் பெய்தது.

பொதுப்பேரவையில் கேள்வி எழாமல் இருக்குமா? "கெட்டது வால்வு, பம்புக்கும் சீலுக்கும் பணம் போனது எதற்காக?" என்று கேட்டார்கள். பட்டறைக்காரரோடு காரியதரிசிக்கு உறவு என்று ஒருவர் குரல் கொடுத்தார். இருபது ஆண்டுகள் அச்சங்கத்தில் பணிபுரிந்தவர் அவர். ஆய்வு செய்யும்படி நமக்கு உத்தரவு வந்தது. தீர்மானங்களைப் பார்த்தோம், ஒழுங்காக இருந்தன. விலைப்புள்ளிகளும் ரசீதுகளும் முறையாக இருந்தன. ஆனால் பழைய பம்பு உண்மையில் தேய்ந்திருந்ததா என்ற ஒரே கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. பம்பு பழைய இரும்பாக எடைக்குப் போய்விட்டது. அதைக் கழற்றுவதற்கு முன் எவரும் எதையும் அளக்கவில்லை. அளந்ததாக எந்த ஏட்டிலும் ஓர் எண்கூட இல்லை.

அந்த ஏடுகளைப் புரட்டும்போது வேறொன்றும் கண்ணிற் பட்டது. முந்தைய ஆண்டின் ஆய்வுக் குறிப்பில் அந்த டிராக்டரைப் பற்றி, 'நல்ல நிலையில் இயங்குகிறது' என்று எழுதியிருந்தது. எழுதியவர் நாமேதான். இஞ்சினை ஓட்டிக் காட்டச் சொன்னோம்; ஓசை கேட்டது; எழுதிவிட்டோம். காரியதரிசிமீது குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை, நடவடிக்கை முடிக்கப்பட்டது. ஆயினும் அவர் குற்றமற்றவர் என்றும் எவராலும் நிறுவிக் காட்ட முடியவில்லை. ஐயத்தின் நிழல் நீங்காமலே அவர் ஓய்வு பெற்றார். அவருடைய நேர்மைக்குச் சாட்சி சொல்லியிருக்கக் கூடியவை இரண்டு மூன்று அளவு எண்கள். அவற்றை எழுதி வைக்காத குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே மேலே எழுதுகிறோம்.

எண்ணெய் அழுத்த அமைப்பின் தத்துவம் எளியது. மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். 1795-இல் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் அத்தத்துவத்தைக் கொண்டு அழுத்து இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நமது டிரெய்லரின் சிலிண்டர் அதன் வழிவந்ததே. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 78½ சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ என்றால், அச்சிலிண்டர் தள்ளும் விசை 11¾ டன். கரும்பு பயிரிடும் அங்கத்தினர் ஆலைக்குள் சென்று பார்த்தால், கரும்பைப் பிழியும் மேல் உருளையை அழுத்திப் பிடிப்பதும் இதே எண்ணெய் அழுத்தம்தான் என்று காண்பர்.

இத்தனை அழுத்தத்தை எண்ணெய் தாங்கி நிற்பது எப்படி? பம்பின் பல்சக்கரத்துக்கும் அதன் கூட்டுக்கும் இடையே, வால்வின் தண்டுக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள இடுக்கு மிக மிகக் குறுகியதாய் இருப்பதால்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நமது தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். கண்ணால் காணக்கூடிய மிகச் சிறிய துகள் ஏறத்தாழ 40 மைக்ரான். பம்பிலும் வால்விலும் உள்ள இடுக்குகளோ சில மைக்ரான் முதல் இருபது, முப்பது மைக்ரான் வரையில்தான். ஆகவே எந்தத் தூசி இவற்றைத் தேய்க்கிறதோ அந்தத் தூசி நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வயற்காட்டு மண்ணில் உள்ள மணல்துகள் எஃகைக் கீறும் கடினம் உடையது. அது மூச்சுக்குழாய் மூடி வழியாகவோ, அழுக்குப் படிந்த புனல் வழியாகவோ எண்ணெய்த் தொட்டிக்குள் போய்விட்டால், அரம் கொண்டு அராவுவதுபோல் உறுப்புகளை அராவும்.

இங்கே அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இடுக்கு இரட்டித்தால் அதன் வழியே கசியும் எண்ணெய் இரட்டிப்பதோடு நிற்காது, எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் கசிவு இருபத்தேழு மடங்காகும். இடுக்கின் அளவை மூன்று முறை பெருக்கிய விகிதத்தில் கசிவு வளரும் என்பது இயந்திரவியலில் தெளிவாக நிறுவப்பட்ட விதி. சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போவதால் கசிவு இன்னும் மிகுதியாகும். தேய்மானம் நெடுநாள் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு திடீரென்று இயந்திரத்தைச் சாய்த்துவிடுவதன் காரணம் இதுவே. காலையில் தூக்கிய டிரெய்லர் நண்பகலில் தூக்காமற் போனதன் காரணமும் இதுவே.

தறியில் அமரும் அங்கத்தினருக்கு இது புதிய பாடமன்று. அச்சில் ஒரு பல் தேய்ந்து கூர்மை ஏறினால் பாவிழை அறுபடத் தொடங்கும். துணியில் கோடு விழும். கோடு விழுந்த பிறகு அச்சை மாற்றுபவர் நல்ல நெசவாளர் அல்லர். விரலால் தடவிப் பார்த்து முன்னரே அறிபவரே நல்ல நெசவாளர். ஆனால் விரல் அறியும் தேய்மானம் வேறு, மைக்ரான் தேய்மானம் வேறு. சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொன்ன காலம் போய், எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்துச் சோதித்து வாங்கும் காலம் வந்திருக்கிறது. சரிகைக்கு உரிய மரியாதையை பம்புக்கும் கொடுக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

தேய்மானத்தை அளக்கும் வழிகளை இனிக் கூறுவோம். எளியதிலிருந்து அரியதற்குச் செல்வது நலம்.

முதலாவது, இறக்கச் சோதனை. பாரம் ஏற்றிய டிரெய்லரைச் சிறிது தூக்கி நிறுத்தி, கீழே விழாதபடி உறுதியான முட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டுடன், சிலிண்டரின் தண்டில் ஓர் அடையாளம் இட்டுப் பத்து நிமிடத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளப்பது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் 4 மில்லிமீட்டர் இறங்கினால், ஏறத்தாழ 31 கன சென்டிமீட்டர் எண்ணெய் எங்கோ கசிந்திருக்கிறது. அஃதாவது நிமிடத்துக்கு 3 கன சென்டிமீட்டர். சிலிண்டருக்கும் வால்வுக்கும் இடையே ஓர் அடைப்புக் குழாயைப் பொருத்தி மூடிவிட்டு மறுபடியும் அளந்தால், இறக்கம் நின்றுவிடுமாயின் குற்றம் வால்வில். நிற்காவிடில் சிலிண்டரின் சீலில். இதற்கு வேண்டியவை ஓர் அளவுகோலும் ஒரு கடிகாரமுமே. ஓர் எச்சரிக்கை: எண்ணெய் குளிர்ந்தால் சுருங்கும். 5 லிட்டர் எண்ணெய் 10 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 35 கன சென்டிமீட்டர் குறையும். இது மேற்சொன்ன கசிவைவிடச் சற்று அதிகம். ஆகவே இரவெல்லாம் தூக்கி நிறுத்திவிட்டுக் காலையில் வந்து பார்த்து, சீல் போய்விட்டது என்று முடிவு கட்டுவது தவறு. தூக்கி நிறுத்திய பாரத்தின் அடியில் எவரும் நுழையக்கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை, ஆயினும் சொல்லுகிறோம்.

இரண்டாவது, பாய்ச்சற் சோதனை. பம்புக்கும் வால்வுக்கும் இடையே ஒரு பாய்ச்சல்மானியையும் அழுத்தமானியையும் பொருத்தி, பாரமில்லாதபோதும் பாரம் உள்ளபோதும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று அளப்பது. ஒரு சுற்றுக்கு 16 கன சென்டிமீட்டர் தள்ளும் பம்பு, நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுழன்றால் 32 லிட்டர் தரவேண்டும். பாரமின்றி 31 லிட்டர் வருகிறது என்போம். 150 கிலோ அழுத்தத்தில் 29½ லிட்டர் வந்தால் பம்பு நூற்றுக்கு 95 பங்கு நலமுடன் இருக்கிறது. அதே அழுத்தத்தில் 24 லிட்டர்தான் வருகிறது என்றால் 77 பங்கு. பம்பின் அந்திமக் காலம் அணுகுகிறது. எந்த எல்லையில் மாற்றுவது என்பதை இயந்திரத்தைச் செய்தவரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணெயின் சூடு ஒரே அளவில், 50 பாகை என்றால் 50 பாகையிலேயே, இருக்க வேண்டும். இன்றேல் அளவுகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. முன்னே சொன்ன சங்கத்தில் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால், அரைமணி நேரத்தில் பம்பு குற்றவாளியா அல்லவா என்பது விளங்கியிருக்கும்.

கதிர் அறுவடை இயந்திரங்கள் பலவற்றில் சக்கரத்தை ஓட்டுவதே எண்ணெய் அழுத்தம்தான். அவற்றில் உள்ள உந்துதண்டுப் பம்பின் கூட்டிலிருந்து கசிவெண்ணெய் தனிக் குழாயில் தொட்டிக்குத் திரும்பும். அந்தக் குழாயை ஓர் அளவுச் சாடியில் விட்டு, கடிகாரம் பார்த்து, நிமிடத்துக்கு எவ்வளவு என்று குறித்து வந்தால் அதுவே தேய்மானத்தின் நேரான அளவு. இதைக் கற்றறிந்த மெக்கானிக் செய்யவேண்டும். அழுத்தம் மிக்க எண்ணெய் ஊசிமுனைத் துளை வழியே பீறிட்டால் தோலைத் துளைத்து உள்ளே பாயும். விரலையே இழக்க நேரும். கசிவைத் தேடக் கையை நீட்டாமல் ஓர் அட்டையைக் காட்டிப் பார்க்கும் வழக்கம் எல்லோருக்கும் வரவேண்டும்.

மூன்றாவது, கழற்றிய உறுப்பை அளப்பது. மைக்ராமீட்டர் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் காட்டும். சிலிண்டர்த் தண்டின் விட்டத்தை மூன்று இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகளில் அளக்கவேண்டும். ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும். தண்டின்மேல் உள்ள குரோமியப் பூச்சு ஏறத்தாழ 20 மைக்ரான்தான். அது உரிந்தால் சீல் நெடுநாள் பிழைக்காது. கியர் பம்பின் கூட்டைத் திறந்தால், எண்ணெய் உள்ளே வரும் பக்கத்தில் பல்சக்கரம் அராவிய தடம் தெரியும். அழுத்தம் சக்கரத்தை அந்தப் பக்கமே தள்ளுவதால் இது நேர்கிறது. புதுப் பம்பிலும் சிறு தடம் இயல்பாகவே இருக்கும். ஆகையால் தடம் இருப்பதை மட்டும் காட்டி, "பார், பம்பு போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால், ஆழம் எவ்வளவு என்று கேட்கும் உரிமை அங்கத்தினருக்கு உண்டு. ஆனால் உறுப்பைக் கழற்றி அளப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வதே நல்லது. திறந்த வெளியில் ஒருமுறை கழற்றினால், வெளித்தூசி உள்ளே புகுந்து இல்லாத தேய்மானத்தையும் உண்டாக்கிவிடும்.

நான்காவது, எண்ணெயைச் சோதிப்பது. மனிதனின் இரத்தத்தைப் போன்றது இயந்திரத்தின் எண்ணெய்; எங்கே நோய் என்பதை அது சொல்லும். இரும்பு மிகுந்தால் பல்சக்கரமும் தண்டும் தேய்கின்றன. செம்பு மிகுந்தால் வெண்கலப் புஷ் தேய்கிறது. குரோமியம் மிகுந்தால் தண்டின் பூச்சு போகிறது. அலுமினியம் மிகுந்தால் பம்பின் கூட்டைப் பார்க்கவேண்டும். சிலிக்கான் மிகுந்தால் பெரும்பாலும் மண் புகுந்துவிட்டது என்று பொருள். நம் நாட்டு ரயில்வேயின் டீசல் பணிமனைகள் இஞ்சின் எண்ணெயை நிறமாலைக் கருவியால் இவ்வாறு சோதித்து வருகின்றன. ஆனால் இக்கருவி சில மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய துகள்களைச் சரிவரக் காணாது. அவற்றுக்காகக் காந்தம் பொருத்திய அடைப்பானைத் துடைத்துப் பார்ப்பதும், எண்ணெயை வெள்ளை வடிதாளில் வடித்துப் பூதக்கண்ணாடியால் நோக்குவதும் உண்டு.

எண்ணெயின் தூய்மையைக் குறிக்க ஐ.எஸ்.ஓ. 4406 என்ற உலகத் தர முறை ஒன்று வழங்கி வருகிறது. ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதை 18/16/13 என்பதுபோல மூன்று எண்களால் அது குறிக்கும். எண் ஒன்று கூடினால் துகள் இரட்டிக்கும். 18 என்றால் 1300-க்கு மேல் 2500 வரை. 22 என்றால் 20,000-க்கு மேல் 40,000 வரை. கடையில் வாங்கிய புது எண்ணெய் தூயது என்று நினைத்து வடிகட்டாமல் ஊற்றுகிறோம். பீப்பாயில் வந்த புது எண்ணெயிலும் தூசி உண்டு. வடிகட்டி ஊற்றுவது ஒன்றே பல பம்புகளின் ஆயுளை நீட்டிக்கும்.

இத்தனையும் பெரிய ஆலைகளுக்கு உரியவை, சங்கத்துக்கு எட்டாதவை என்று சிலர் எண்ணலாம். அவர்கள் சிறிது தலையை நிமிர்த்தித் தம் ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டுகிறோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம்-வடகால் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் வரிசையாக அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து 2010-இல் தொடங்கிய கார் ஆலையும், 2012-இல் தொடங்கப்பட்ட டைம்லர் லாரி ஆலையும் இருக்கின்றன. மண்வாரி இயந்திரங்களும் சுரங்க லாரிகளும் செய்யும் கோமாட்சு நிறுவனமும் அங்கேயே உள்ளது. 2021-இல் ஈட்டன் நிறுவனத்தின் ஹைட்ராலிக் தொழிலையே விலைக்கு வாங்கிய டான்ஃபாஸ் நிறுவனத்துக்கும் ஒரகடத்தில் ஆலை உண்டு. வாகனங்களைச் சோதிப்பதற்கென்றே அமைந்த உலகத் தர மோட்டார் ஆராய்ச்சி மையமும் அவ்வூரில்தான் இருக்கிறது.

இந்த ஆலைகளுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகளில், கடைசல் இயந்திரத்தின் சக் வேலைப்பொருளைக் கவ்விப் பிடிப்பது எண்ணெய் அழுத்தத்தால். பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரங்கள் பல அச்சுகளை அழுத்தி மூடுவதும் எண்ணெய் அழுத்தத்தால். அங்கே பணிபுரிவோர் யார்? நமது அங்கத்தினர்களின் பிள்ளைகளே. மகன் இரவு ஷிப்டில் மைக்ரான் கணக்கில் உறுப்பை அளந்து அட்டையில் குறித்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிறான். தந்தையோ, 'ஓடும் வரை ஓடட்டும்' என்று விடப்பட்ட சங்கத்து டிராக்டருக்காக வயலோரம் காத்து நிற்கிறார். ஒரே வீட்டுக்குள் இரண்டு நூற்றாண்டுகள் குடியிருக்கின்றன. அந்தத் தொழிற்சாலைகள் நமது நிலத்தின் பக்கத்தில் வந்ததால் நமக்கு நேர்ந்த நன்மை தீமைகளைப் பற்றி வேறு வேறு அபிப்பிராயங்கள் இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்கும் பழக்கம் ஒன்றை அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்வதற்கு எவருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை.

அளத்தல் வீண் செலவு என்று சொல்லும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் அமைந்த குழு, உராய்வையும் தேய்மானத்தையும் முறையாகக் கவனித்தால் அந்நாடு ஆண்டுக்கு 51½ கோடி பவுன் மிச்சம் பிடிக்கலாம் என்று மதிப்பிட்டது. நாம் அவ்வளவு பெரிய கணக்குக்குப் போக வேண்டாம். முன்னே சொன்ன சங்கத்தில் தேவையென்று நிறுவப்படாமலே வாங்கிய பம்பின் விலையையும், மழையில் நனைந்த நெல்லின் விலையையும் கூட்டிப் பார்த்தாலே போதும்.

வேறோர் ஆட்சேபம் உண்டு. அது எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒரு சங்கத்துக்கு ஒரு டிராக்டர்தான் இருக்கிறது. அதற்காக ஒரு பாய்ச்சல்மானி வாங்குவது மயிலுக்காகத் தோட்டம் வாங்குவது போல அல்லவா என்று கேட்கிறார்கள். உண்மையே. ஆனால் தனி ஒருவரால் இயலாததைப் பலர் சேர்ந்து செய்வதற்காகத்தானே சங்கம்? அங்கத்தினர்கள் சேர்ந்து சங்கம் வைத்ததுபோலச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கருவிப்பெட்டி வைக்கட்டும். ஒரு வட்டாரத்தில் உள்ள எட்டு அல்லது பத்துச் சங்கங்களுக்கு ஒரு பாய்ச்சல்மானி, ஓர் அழுத்தமானி, ஒரு வெப்பமானி, ஒரு மைக்ராமீட்டர், எண்ணெய் எடுக்கச் சில தூய சீசாக்கள் போதும். தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்றுத் தேறி, ஆலையில் அனுபவம் பெற்ற இளைஞர் ஒருவரை ஆண்டுக்கு இருமுறை அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து அளக்கச் செய்யலாம். மானிகளும் தவறும், ஆகவே அவற்றையும் காலத்துக்குக் காலம் சரிபார்க்க வேண்டும். சென்னைக் கிண்டியில் மத்திய அரசின் சிறுதொழில் சோதனை மையம் இத்தகைய பணிக்கென்றே இருக்கிறது.

அளந்து பார்த்தால் நன்றாக இருக்கும் உறுப்பையும் மாற்றச் சொல்லிப் பட்டறைக்காரர் அச்சுறுத்த மாட்டாரா என்றும் கேட்கலாம். ஒற்றை எண்ணைக் கொண்டு அச்சுறுத்தலாம். வரிசையான எண்களைக் கொண்டு இயலாது. வாங்கிய நாளில் 95, ஓராண்டில் 93, இரண்டாம் ஆண்டில் 91 என்று ஏட்டில் இருக்குமானால், மூன்றாம் ஆண்டில் ஒருவர் வந்து பம்பு போய்விட்டது என்று சொல்லும்போது காரியதரிசி அந்த ஏட்டை எடுத்துக் காட்டலாம். 91-லிருந்து 78-க்கு ஒரே பருவத்தில் வீழ்ந்திருந்தால், அறுவடை தொடங்குவதற்கு முன்னரே பம்பை மாற்றுவதற்குத் தீர்மானம் போடலாம். ஆகவே முதல் அளவு, இயந்திரம் புதிதாக வந்து சேர்ந்த அன்றே எடுக்கப்பட வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் பின்வரும் எண்கள் எல்லாம் அடித்தளமற்ற சுவராகும்.

எனவே ஒவ்வொரு சங்கமும் இயந்திரம் ஒன்றுக்குத் தனி அளவேடு ஒன்று திறக்கவேண்டும் என்பது நமது யோசனை. ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய நாள், வடிகட்டி மாற்றிய நாள், இறக்கச் சோதனை, பாய்ச்சற் சோதனை, அப்போதைய எண்ணெயின் சூடு, அளந்தவர் கையெழுத்து - இவ்வளவே அதில் வேண்டும். கழற்றிய உறுப்பு எதுவாயினும், அளந்து எழுதி, நிர்வாகக் குழுவினர் இருவர் பார்த்த பிறகே எடைக்குப் போடவேண்டும். சம்பா அறுவடைக்கு முன் ஒருமுறை, அடுத்த போகத்துக்கு முன் ஒருமுறை அளந்தால் போதும். ஐந்தொகையில் காட்டும் ரூபாய்த் தேய்மானத்துக்கு எதிரே, மெய்யான தேய்மானத்தின் எண்ணையும் பொதுப்பேரவையில் படிக்கட்டும். எந்த ஆண்டில் புதுப்பிக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதை அப்போது அங்கத்தினர்களே அறிந்து சொல்வார்கள்.

ஆய்வாளர்களான நமக்கும் இதில் கடமை உண்டு. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் விசாரணைக்கு 81-ஆம் பிரிவும், ஆய்வுக்கு 82-ஆம் பிரிவும், இழப்பை ஈடுசெய்விக்க 87-ஆம் பிரிவும் இருக்கின்றன. இவை குற்றம் செய்தவரைப் பிடிப்பதற்கு உதவுவது போலவே, குற்றமற்றவரைக் காப்பதற்கும் உதவவேண்டும். சான்று இல்லாத இடத்தில் சட்டம் இரண்டையும் செய்ய இயலாமல் நின்றுவிடுகிறது. ஆகவே இனி எந்தச் சங்கத்துக்குச் சென்றாலும், ரொக்கப் புத்தகத்தைக் கேட்டதும் இயந்திர அளவேட்டைக் கேட்பது என்று நாம் வழக்கப்படுத்திக்கொண்டோம். அளவேடு இல்லாத இடத்தில் 'நல்ல நிலையில் இயங்குகிறது' என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம், 'ஓடக் கண்டேன், அளவு இல்லை' என்றே எழுதுகிறோம்.

கூட்டுறவுக்கு நமது பகுதி புதியதன்று. 1904-இல் சட்டம் பிறந்த அதே ஆண்டில் திரூரில் வேளாண்மைக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் தோன்றின. வட்டிக்காரர் சொன்ன கணக்கை அப்படியே நம்பிக் கெட்ட மக்கள், தமது கணக்கைத் தாமே எழுதிப் பார்க்கத் தொடங்கிய நாள் அது. பட்டறைக்காரர் சொல்லும் கணக்கை இன்று நாம் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறோம். அடுத்த பொதுப்பேரவையில் தேய்மான வரி படிக்கப்படும்போது அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "இது ரூபாயின் தேய்மானம், பம்பின் தேய்மானம் எவ்வளவு?" என்று கேட்கட்டும். அன்றைக்கு விடை கிடைக்காவிட்டாலும், அதற்கடுத்த ஆண்டுக்குள் காரியதரிசி ஓர் எண்ணை எழுதி வைத்திருப்பார்.